கெட்டியாச்சா?

அந்த வீட்டு உருளைக்கிழங்கு சூப்பைக் குடித்தவரை, அவருடைய சம்மதம் இல்லாமல், யாராலும் இருந்த இடத்தை விட்டு நகர்த்த முடியவில்லை. இந்த விஷயம் தெருவுக்குத் தெரியவந்தது மழை விட்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை. அந்த வாரம் வெண்ணெய் விலை ஏறியிருந்தது, தபால் நிலையத்துக்குப் புதுப் பெயிண்ட் அடித்தார்கள், மாடி வீட்டுக் குழாயில் தண்ணீர் வரவில்லை, பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற பெரியவரை அவருடைய பிரம்பு நாற்காலியிலிருந்து தூக்க வந்த ஆட்களால் அவரை நூலளவுகூட அசைக்க முடியவில்லை. ஆட்கள் ஒன்றும் சோப்ளாங்கிகள் அல்ல. பீரோவையும் பியானோவையும் முதுகில் கட்டிக்கொண்டு மாடிப்படி ஏறி இறங்கியே பிழைப்பவர்கள். பெரியவரோ, போட்டிருக்கும் சட்டைக் காலருக்குள் இன்னொரு கழுத்தையும் நுழைக்கலாம் என்னும் அளவுக்கு மெலிந்தவர்.

பெரியவருக்குத் தெருவில் 'பிரேக்' என்றுதான் பெயர். எதிரே நாய் வருகிறது என்று யாராவது சொன்னால், எந்தத் தெருவில் என்று கேட்பதற்கு முன்பே பிரேக்கை மிதித்துவிடுவார். அவர் பஸ்ஸில் ஏறிய எவரும் நேரத்துக்கு ஊர் போய்ச் சேர்ந்ததில்லை. அகாலமாகப் போய்ச் சேர்ந்ததும் இல்லை. அவருக்கு இரண்டு மகன்கள். மூத்தவர் வீட்டுச் சாமான்களை இடம் மாற்றித் தரும் தொழில் செய்தார். லாரிகளின் பக்கவாட்டில் 'அசையாததையும் அசைப்போம்' என்று சிவப்பில் எழுதி வைத்திருந்தார். சின்னவன் மின்சார வேலை பார்த்தவன். ஒரு காய்ச்சலில் போய்விட்டான். அவனுடைய மனைவி, பெரியவரின் இளைய மருமகள், நெடுஞ்சாலையோரத்து எடைமேடையில் வேலை பார்த்தாள். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, மேடைமேல் வந்து நிற்கும் லாரி என்ன எடை இருக்கிறது என்று மைக்கில் சொல்வாள். டிரைவர்கள் எவ்வளவு குழைந்தாலும், எவ்வளவு அதட்டினாலும் அவள் சொன்ன எண் சொன்னதுதான். அதனால் அவளுக்கு நண்பர்கள் குறைவு.

சின்னவன் போன அன்று வந்தவர்கள் எல்லோரும் அவள் தோளைத் தொட்டு, மனசைக் கெட்டியாக வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போனார்கள். எதைப் போட்டால் மனசு கெட்டியாகும், எவ்வளவு நேரம் கிண்ட வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை. பசை காய்ச்சத் தெரியாதவளுக்குக்கூட இரண்டு பேர் பக்குவம் சொல்லித் தருவார்கள். இதற்கு மட்டும் ஆளே இல்லை. இளையவள் அழுதாள், வேலைக்குப் போனாள், மாமனாருக்கு முகம் துடைத்துவிட்டாள், மறுபடியும் அழுதாள். அந்த வீட்டில் கணவன் மாட்டிய பல்புகளும், அவன் சுவருக்குள் ஓட்டிய கம்பிகளும் இருந்தன. ஒவ்வொரு ஸ்விட்சைத் தட்டும்போதும் அவன் விரல் பட்ட இடத்தில் அவள் விரல் பட்டது. அவளுக்கு வேறு வீடு வேண்டியிருக்கவில்லை.

மூத்தவருக்கு அந்த வீடு குடோனாக வேண்டியிருந்தது. வீடு அப்பாவின் பெயரில் இருந்தது என்பது உண்மைதான். ஆனால் ஆளை வெளியே கொண்டுபோய்விட்டால் பெயர் மட்டும் உள்ளே உட்கார்ந்து என்ன செய்யும் என்பது அவர் எண்ணம். அப்பாவுக்கு மலைச்சாலையில் ஒரு முதியோர் இல்லம், நல்ல காற்று, ஜன்னலோரக் கட்டில். இளையவளுக்கு லாரி நிறுத்துமிடத்துக்குப் பின்னால் டயர்கள் கிடந்த ஓர் அறை, டயர்களை எடுத்துவிட்டுத் தருவதாகச் சொன்னார். இதையெல்லாம் அவர் கெட்ட எண்ணத்தோடு செய்ததாகச் சொல்ல முடியாது. பிறர் வீட்டைப் பிரித்து, கட்டி, ஏற்றி, இறக்கியே வளர்ந்த மனிதர்; இருந்த இடத்திலேயே இருக்கும் எதைப் பார்த்தாலும் அவருக்குக் கை பரபரத்தது. ஒரு திங்கட்கிழமை காலை வந்து, நாளைக்கு லாரி வரும், பெட்டியைக் கட்டி வை என்று இளையவளிடம் சொல்லிவிட்டுப் போனார். சொன்னது வாசலில் நின்றபடி. உள்ளேகூட வரவில்லை.

அந்தத் திங்கட்கிழமை அவளுக்கு வார விடுமுறை. பெரியவருக்கு வயிறு சரியில்லாமல், எல்லாம் நீர்க்க நீர்க்கவே கொடுக்கும்படி டாக்டர் சொல்லிப் பல வாரங்கள் ஆகியிருந்தன. அதைச் சாக்காக வைத்து மூத்த மருமகள் தன் வீட்டிலிருந்து தினமும் உருளைக்கிழங்கு சூப் அனுப்பினாள். அவள் கிழங்கை வெட்டியபின் தண்ணீரில் ஊறப்போடுவாள். வெள்ளை வெள்ளையாக இறங்கும் சத்தை அப்படியே சிங்க்கில் கொட்டிவிட்டு, மறுபடி கழுவி, மறுபடி கொட்டிவிட்டு, கடைசியில் பேருக்கு நாலு துண்டை வேகவைப்பாள். அவள் அனுப்பிய சூப்பில், அவள் வீட்டுக் கிண்ணத்தின் அடியில் வரைந்திருந்த நீலப்பூ இதழ் இதழாகத் தெரிந்தது. அன்று பெரியவர் கிண்ணத்தைக் கையால் தள்ளினார்.

"எத்தன நாள்தாம்மா இந்தப் பூவையே பாக்கறது? கெட்டியா ஏதாவது வெச்சுக் குடு."

டாக்டர் கெட்டி கூடாது என்றிருந்ததை அவள் நினைவுபடுத்தினாள். பெரியவர், டாக்டரையும் மலைச்சாலைக்கு அனுப்பிவிடலாம், நல்ல காற்று என்றார். அவள் சமையலறைக்குப் போனாள். முழுக் கிழங்குகளை மண் போகத் தேய்த்துக் கழுவித் தோல் சீவினாள். வெட்டிய பிறகு ஒரு சொட்டுத் தண்ணீர் காட்டவில்லை. கத்தியில் ஒட்டிய வெள்ளையைக்கூட விரலால் வழித்துப் பாத்திரத்தில் சேர்த்தாள். விலை ஏறிய வெண்ணெயைக் கை நடுங்காமல் அள்ளிப் போட்டு, வெங்காயத்தையும் பூண்டையும் சிவக்க விடாமல் வதக்கினாள். கிழங்கைக் கொட்டி, மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் விட்டு மூடினாள். வெந்ததும் பாதியை மரக் கரண்டியால் நசுக்கிக் குழைத்தாள். மீதியை, கடிபட வேண்டும் என்று துண்டாகவே விட்டாள். தணலைக் குறைத்துப் பாலை விட்டு, காலையில் எடுத்து வைத்திருந்த பாலேட்டையும் போட்டு, அடி பிடிக்காமல் கிண்டத் தொடங்கினாள்.

கிண்டக் கிண்ட அவளுக்கு மூத்தவரின் லாரி கண்ணில் வந்தது. டயர் அறை கண்ணில் வந்தது. போன வருஷம் தோளைத் தொட்டுவிட்டுப் போனவர்களின் முகங்கள் வரிசையாக வந்தன. அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. அடிவயிற்றிலிருந்து வேறொன்று வந்தது. அது கோபம் என்று அவளுக்கே கொஞ்சம் தாமதமாகத்தான் தெரிந்தது. எத்தனையோ நாளுக்குப் பிறகு நெஞ்சுக்குள் தளதளவென்று ஆடிக்கொண்டிருந்தது ஆடாமல் நின்றது. அப்போதுதான் கூடத்திலிருந்து பெரியவர் குரல் கொடுத்தார்.

"என்னம்மா, கெட்டியாச்சா?"

"ஆச்சு மாமா. இனிமே யாராலயும் அசைக்க முடியாது."

அவர் கேட்டது சூப்பைப் பற்றி. அவள் சொன்னது மனசைப் பற்றி. நடுவில் அடுப்பின் மேலிருந்த பாத்திரத்துக்கு இந்த வித்தியாசம் தெரியவில்லை. தன்னைத்தான் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டது. கரண்டி ஒரு கணம் நட்டது நட்டபடி நின்று, பிறகு நகர்ந்தது. அவள் உப்பும் மிளகும் போட்டு இறக்கினாள். பெரியவர் இரண்டு கிண்ணம் குடித்தார், ரொட்டித் துண்டால் கிண்ணத்தைத் துடைத்தும் தின்றார். வயிறு ஒரு சத்தமும் போடவில்லை.

மறுநாள் நடந்ததைத்தான் முதலிலேயே சொல்லியாயிற்று. மூத்தவரின் ஆட்களில் 'கிரேன்' என்று பெயரெடுத்த ஒருவன் இருந்தான். அவன் பெரியவரை நாற்காலியோடு கட்டிப்பிடித்துத் தூக்கிப் பார்த்தான், பிறகு கயிறு போட்டு இழுத்தான், பிறகு ஓரமாய்ப் போய் உட்கார்ந்து இடுப்பைத் தடவிக்கொண்டான். நாற்காலியை ஆணியடித்து வைத்திருக்கிறார்களோ என்று மூத்தவர் குனிந்து பார்த்தார். ஆணி இல்லை. அந்த நேரம் பார்த்துப் பெரியவருக்கு ஒன்றுக்கு வந்தது. எழுந்தார், போனார், வந்தார், உட்கார்ந்தார். கிரேன் ஓடிப்போய் மறுபடி தூக்கிப் பார்த்தான். மூத்தவரின் முகத்தில் ஈயாடவில்லை. தெருமுனை நாவிதர் சவரக் கத்தியோடு வந்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, வீட்டுக்குள்ளேயே ஓர் அசையாச் சொத்து இருக்கிறதே என்றார். அன்றிலிருந்து அந்தப் பெயரும் பெரியவருக்கு ஒட்டிக்கொண்டது.

மூத்தவர் லேசில் விடுகிற ஆள் இல்லை. குரலைத் தேனாக்கிக்கொண்டு, அப்பா, எடைமேடை வரை வண்டியில் போய் உங்களை நிறுத்துப் பார்க்கலாமா என்று கேட்டார். பெரிய வண்டியில் ஏறி வருஷக்கணக்கானதால் பெரியவர் குஷியாக முன் சீட்டில் தானே ஏறி உட்கார்ந்தார். இளையவளுக்கு மதிய ஷிப்ட், அவளும் அதிலேயே போனாள். கூண்டுக்குள் போய் உட்கார்ந்து, லாரியைப் பெரியவரோடும் பெரியவர் இல்லாமலும் நிறுத்து, இரண்டையும் மைக்கில் சொன்னாள். வித்தியாசம், காய்ந்து போன ஒரு கிழவர் எவ்வளவு இருப்பாரோ அவ்வளவுதான். பெரியவர் மறுபடி ஏறி உட்கார்ந்ததும் மூத்தவர் இதற்காகவே காத்திருந்தவர்போல லாரியை மலைச்சாலைப் பக்கம் திருப்பினார். லாரி மேடையை விட்டு இறங்கவில்லை. என்ஜின் அலறியது, சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுழன்று ரப்பர் வாசனை கிளம்பியது, பின்னால் நின்ற மணல் லாரிகள் ஹாரனடித்தன. கூண்டுக்குள் இளையவளின் முன்னால் சிவப்பு எண்கள் துளி மாறாமல் நின்றன. அவள் மைக்கைப் பிடித்து, மேடையைக் காலி செய்யுங்கள், பின்னால் வண்டி நிற்கிறது என்று எல்லா டிரைவர்களுக்கும் சொல்லும் அதே குரலில் சொன்னாள். கடைசியில் மூத்தவர் வண்டியை வீட்டுப் பக்கம் திருப்பினார். அது வெண்ணெய் தடவியதுபோல் வழுக்கிக்கொண்டு போனது.

அதற்குப் பிறகு தெரு சும்மா இருக்குமா? நடைபாதையிலிருந்து நாவிதரின் நாற்காலியை அப்புறப்படுத்த ஆட்கள் வருவதாகச் செய்தி வந்தபோது அவர் ஒரு கிண்ணம் வாங்கிக் குடித்துவிட்டுத் தன் நாற்காலியிலேயே உட்கார்ந்துகொண்டார். வந்தவர்கள் சளைத்துப்போய், வந்ததற்கு முடியாவது வெட்டிக்கொள்கிறோம் என்றார்கள். அதற்காக அவர் எழுந்து வெட்டிவிட்டு மறுபடி உட்கார்ந்தார். எதிர்வீட்டு டைப்பிஸ்டுப் பெண்ணை, வேலைக்குப் போனது போதும் என்று வீட்டார் சித்தப்பாவோடு ஊருக்கு அனுப்பப் பார்த்தார்கள். அவள் சூப்பைக் குடித்துவிட்டு ஆபீஸில் தன் மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். சித்தப்பா வெறும் பெட்டியோடு ரயிலேறினார். ஆனால் ஒரு கிண்ணத்தின் பலம் மறுபடி நன்றாகப் பசிக்கும் வரைக்கும்தான் நின்றது. ஆகவே தொடர்ந்து ஒட்டி நிற்க வேண்டியவர்கள் தொடர்ந்து குடிக்க வேண்டியிருந்தது. இளையவள் ஷிப்ட் முடிந்து வந்து பெரிய பாத்திரமாக வைத்தாள். தெருவே கிழங்கு கொண்டுவந்து போட்டது.

யாரும் எதிர்பாராத ஆள் ஒரு மத்தியானம் பின்வாசல் வழியாக வந்தாள். மூத்த மருமகள். வீடு மாற்றித் தருகிறவரின் மனைவி என்பதால் அவளும் வருஷத்துக்கொரு வீடு மாறிக்கொண்டிருந்தாள். எந்தச் சுவரிலும் இரண்டாவது காலண்டர் மாட்டியதில்லை. சூப்பைக் குடித்துவிட்டு, கெட்டியாக்குவது எப்படி என்று கேட்டாள். வெட்டின பிறகு கழுவாதீங்க அக்கா, அவ்வளவுதான் என்றாள் இளையவள். மூத்த மருமகள் காலிக் கிண்ணத்தின் அடியைப் பார்த்தாள். இத்தனை வருஷம் சிங்க்கில் கொட்டியதை நினைத்திருக்கலாம். போகும்போது, அந்த நீலப்பூக் கிண்ணம் இங்கேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டுப் போனாள். அந்த வருஷத்திலிருந்து அவர்கள் வீடு மாறவில்லை. மூத்தவர் அதை மனைவியின் முழங்கால் வலி என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டார்.

நாவிதருக்கு மட்டும் ஒரு கவலை இருந்தது. அதை ஒருநாள் இளையவளிடம் கேட்டே விட்டார். "எல்லாருக்கும் ஊத்தறீங்க, சரி. உங்க அத்தான் ஒருநாள் ஒரு கிண்ணம் குடிச்சுட்டு கூடத்துல சட்டமா உக்காந்துட்டா என்ன பண்ணுவீங்க? அவர யாரு எழுப்பறது?" அதன் பிறகு மூத்தவர் வந்தால் அவள் பாத்திரத்தை மூடினாள்.

வருஷங்கள் போயின. வெண்ணெய் விலை இறங்கியது, மறுபடி ஏறியது. தபால் நிலையத்துப் பெயிண்ட் உதிர்ந்தது. பெரியவரின் உடம்பில் உறுப்புகள் ஒவ்வொன்றாக வேலையை நிறுத்தின. அவர் மட்டும் நிற்கவில்லை. டாக்டர் வந்து நாடி பார்த்து, கணக்குப்படி இவர் போன மழைக்காலத்திலேயே போயிருக்க வேண்டும் என்று சொல்லி, தன் ஸ்டெதாஸ்கோப்பை உதறிப் பார்த்தார். சாவு இரண்டு மூன்று தடவை வந்து பிடித்து இழுத்துப் பார்த்துவிட்டு, கிரேனைப்போலவே இடுப்பைத் தடவிக்கொண்டு போனதைப் பெரியவரே சொன்னார். அவருக்குச் சூப்பைத் தவிர எதுவும் இறங்கவில்லை. கிண்ணத்தைப் பிடிக்கக் கை வராதபோது இளையவள் கரண்டியால் ஊட்டினாள். வலியில் அவருக்கு உதடு வெளுத்துப்போகும். ஆனாலும் வாயைத் திறந்து வாங்கிக்கொள்வார். அவர் எதற்காக இப்படிப் பிடிவாதமாக இருக்கிறார் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. அவர் எழுந்தால் வீடு காலி. தெரிந்தும் அவள் ஊட்டிக்கொண்டிருந்தாள். அது அவளுக்கே பொறுக்காமல் போன ஒரு காலை, கரண்டியைக் கீழே வைத்தாள்.

"போதும் மாமா. நீங்க எனக்காக உக்காந்திருக்க வேணாம்."

"அவன் வருவானேம்மா."

"வரட்டும். நான் இருக்கேன்ல."

பெரியவர் அவள் முகத்தைப் பார்த்தார். எதிரே வருகிற வண்டியை அளவெடுக்கும் பார்வை அது. பிறகு வலது காலை லேசாகத் தூக்கினார்.

"அப்போ பிரேக்க எடுத்துடறேன்மா" என்றார்.

அவ்வளவுதான். நாற்காலியிலிருந்து அவரைத் தூக்க மருமகள்கள் இருவரே போதுமானவர்களாக இருந்தார்கள். துவைத்துக் காய்ந்த துணிபோல இருந்தார். இளையவள் சத்தம் போட்டு அழுதாள், ஆனால் இந்தத் தடவை யாரும் அவள் தோளைத் தொட்டு எதுவும் சொல்லவில்லை. அடுப்பைப் பற்றவைக்க அவளுக்குக் கை எழவில்லை. தெருவில் யாராவது கொண்டுவந்து வைத்த ரொட்டியில் ஓரத்தைக் கிள்ளித் தின்றாள், அதையும் பாதியில் வைத்தாள். நடுவில் ஒரு திங்கட்கிழமை வந்துபோனது, சூப் வைக்கவில்லை.

அந்த வீட்டு அடுப்பு அணைந்து கிடப்பதை மூத்தவர் ஆள் வைத்துத் தெரிந்துகொண்டார். மறுநாளே லாரிகள் வந்து தெருவை அடைத்தன. இளையவள் வாசற்படியில் உட்கார்ந்தாள். வயிற்றில் ஒன்றும் இல்லை, தலை சுற்றியது. இது தெரிந்ததால் நாவிதரும் டைப்பிஸ்டுப் பெண்ணும் தூரத்திலேயே கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். மூத்த மருமகள் ஒரு தூக்குச் சட்டியில் சூப்பை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள், அவளை ஆட்கள் தெருமுனையிலேயே மறித்துவிட்டார்கள். கிரேன் முன்னால் வந்தான். வயதாகியிருந்தாலும் தோள் அப்படியே இருந்தது. மன்னிச்சிரும்மா என்று சொல்லிவிட்டு அவளைத் தூக்கக் குனிந்தான்.

தூக்க முடியவில்லை. அவன் நிமிர்ந்து கையைத் துடைத்துக்கொண்டு மறுபடி குனிந்தான். இன்னும் இரண்டு பேர் வந்து சேர்ந்தார்கள். கயிறு வந்தது, லாரியில் கட்டி இழுத்தார்கள், கயிறு அறுந்தது. அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டு அதே படியில் உட்கார்ந்திருந்தாள். புடவைக் கொசுவம்கூடக் கலையவில்லை. குடிச்சிருக்கியா என்று மூத்தவர் கத்தினார். இல்லை அத்தான், நாலு நாளாச்சு என்றாள் அவள். அது உண்மை என்பது அவள் உதடு காய்ந்திருந்ததிலேயே தெரிந்தது. கிரேன் கயிற்றைச் சுருட்டி லாரியில் போட்டுவிட்டு, இது நம்ம வேலை இல்ல முதலாளி என்றான். முதலாளியின் ஆட்கள் முதலாளியை விட்டுவிட்டு டீக்கடைக்குப் போனார்கள்.

மூத்தவர் படிக்குக் கீழே அப்படியே உட்கார்ந்தார். பிறகு வேறு குரலில் பேசினார்.

"பசிக்குதும்மா. எனக்கு ஒரு கிண்ணம் வெச்சுக் குடேன். அப்பா நாற்காலில உக்காந்து குடிச்சுட்டுப் போறேன்."

தெரு மூச்சை நிறுத்திக்கொண்டது. நாவிதர் வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினார். அந்த வீட்டில் கேட்டவருக்கு இல்லை என்று சொன்னதில்லை. இளையவள் எழுந்து, அத்தான் உள்ளே போக வழிவிட்டு, சமையலறைக்குப் போய் அடுப்பைப் பற்றவைத்தாள். தோல் சீவினாள், வெட்டினாள். வெட்டிய கிழங்கில் இரண்டைத் தனியாக எடுத்துத் தண்ணீரில் ஊறப்போட்டாள். வெள்ளை இறங்கியது, சிங்க்கில் கொட்டினாள். மறுபடி கழுவினாள், மறுபடி கொட்டினாள். சின்னப் பாத்திரத்தில் அதை வேகவைத்து, உப்பு மிளகெல்லாம் சரியாகப் போட்டு, நீலப்பூக் கிண்ணத்தில் ஊற்றிக் கொண்டுவந்து கொடுத்தாள்.

அப்பாவின் நாற்காலியில் சட்டமாகச் சாய்ந்திருந்த மூத்தவர் கிண்ணத்துக்குள் பார்த்தார். அடியில் பூ இதழ் இதழாகத் தெரிந்தது. தன் வீட்டுக் கிண்ணம் என்பதும் தெரிந்தது. அவளைப் பார்த்தார்.

"உங்களுக்கு இவ்வளவு போதும் அத்தான்" என்றாள் அவள்.

அவர் குடித்தார். சூடாகத்தான் இருந்தது, ருசியும் குறைவில்லை. குடித்து முடித்து எழுந்தார். எழுவதில் ஒரு சிரமமும் இருக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு, படியிறங்கி, லாரியேறிப் போனார். இளையவள் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, கழுவாமல் வைத்திருந்த மீதிக் கிழங்கைப் பெரிய பாத்திரத்தில் போட்டாள். பசியில் வெண்ணெயை அளவு பார்க்காமல் அள்ளிப் போட்டாள். வெண்ணெய் அந்த வாரமும் விலை ஏறித்தான் இருந்தது.